நின்று நின்று ஓடும் படம்

ஜூன் 4
கடையில் கூட்டமில்லை. ஒரு பெரியவரின் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்து கொடுத்ததோடு சரி. மாலையில் சின்னவளோடு மறுபடி ஒரு ஜப்பான் கார்ட்டூன். கார்ட்டூன் என்றால் முறைப்பாள், அனிமே என்று சொல்ல வேண்டும். மூத்த மகன் விபத்தில் போன பிறகு, அவன் கம்ப்யூட்டரில் சேர்த்து வைத்த படங்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கிறாள். அவனைப் பற்றி மட்டும் வாய் திறப்பதில்லை. அதனால்தான் நானும் போய் உட்காருகிறேன். இவ்வளவு பெரிய கண்களுக்கு எந்தக் கண்ணாடி ஃபிரேம் பொருந்தும் என்றுதான் எனக்குப் புத்தி போகிறது. அவள் அழுகிறாள். எனக்கு ஒன்றும் வரவில்லை.

ஜூன் 9
பாதியில் தூங்கிவிட்டேன். குறட்டை வேறு விட்டேனாம்.

ஜூன் 15
இன்று அழுவதுபோல் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். "அப்பா, அது சந்தோஷமான இடம்" என்றாள். கொஞ்சம் கழித்து, "எனக்காகப் பாக்க வேணாம்பா" என்று எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஏன் எனக்கு மட்டும் ஒட்டவில்லை? வரைந்த பொம்மை அழுதா எனக்கென்ன — நெஜமாவே அழ வேண்டியது இங்க மலையாட்டம் கெடக்கு. இவளையும் விட்டுடுவேனோன்னு பயமா இருக்கு.

ஜூன் 16
மனைவி சொன்னாள்: "என்கிட்டயும் பேச மாட்டேங்குறா. நீங்களாவது கூட உக்காருங்க."

ஜூன் 21
கடை விடுமுறை. தனியாகவே ஒரு படம் போட்டேன். அது அங்கங்கே நின்றுபோனது. ஒரு காலி அறை, ஜன்னல், அப்படியே நிற்கிறது. பொத்தானைத் தட்டித் தட்டி நகர்த்தினேன். சாப்பிடும்போது சின்னவளிடம், "அந்தப் படம் கெட்டுப்போச்சு போல. நின்னு நின்னு ஓடுது, நான்தான் தள்ளி விட்டேன்" என்றேன்.

அவள் கை தட்டிலேயே நின்றது. "நிக்கலப்பா. அப்படித்தான் எடுத்திருக்காங்க. அங்கதான் அண்ணன் என்னை மூச்சுகூட விட விடமாட்டான், பேசாம பாருன்னுவான்."

அண்ணன் என்றாள். நானும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

ஜூன் 22
மாலையில் அவளே கூப்பிட்டாள். அதே படம். கதை எனக்கு இன்னும் பிடிபடவில்லை. காலி அறை வந்ததும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அந்த அறைக்குள் யாரும் வரவில்லை, யாரும் பேசவில்லை. திரையைப் பார்த்தபடியே கேட்டாள்: "அண்ணனுக்கு ரொம்ப வலிச்சிருக்குமாப்பா?"

இத்தனை நாளும் இதைத்தான் தொண்டையில் வைத்துக்கொண்டிருந்தாளா?

"தெரியலம்மா" என்றேன். பொய் சொல்ல வாய் வரவில்லை. என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு படத்தில் என்ன நடந்தது என்று எங்கள் இருவருக்குமே தெரியாது.