இரண்டு தரம் விழுந்த உப்பு

நேற்று கும்மிடிப்பூண்டி மார்க்கெட்டில் வாளைக் கருவாடு வாங்கினேன். பொட்டலத்தைப் பிரித்ததும் வீடெல்லாம் வாடை. மருமகள் ஓடிப்போய் ஜன்னலைத் திறந்தாள். எனக்கு உன் ஞாபகம் வந்துவிட்டது. ஆரம்பாக்கத்து வயல்களுக்கு நடுவே வளர்ந்தவள் நான். எழுபதுகளில் நர்ஸ் வேலை கிடைத்து, பழவேற்காடு ஏரிக்கு அந்தப் பக்கம் உங்கள் மீனவக் குப்பத்திலேயே தங்க வந்தபோது, இந்த வாடைக்குத்தான் மூக்கைப் பொத்தினேன். “மூக்கப் பொத்திக்கினா ஊசி எந்தக் கையால போடுவ, நர்சம்மா?” என்று கேட்டவள் நீ. நமக்கு ஒரே வயது, அதனால்தான் அந்த வாய்.

அந்த மழைக்காலத்தில் உன் இரண்டு வயது மகளுக்கு வாந்தி, பேதி. கண் உள்ளே போய்விட்டது. அழுதாள், கண்ணீர் வரவில்லை. காற்றடித்ததால் ஆஸ்பத்திரிக்குப் படகு எடுக்க வழியில்லை. உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர் கொடுக்கலாம் என்று சுகாதார நிலையத்து டாக்டர் அப்போதுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். உப்பு என்றதும் நீ பிள்ளையை மாரோடு இறுக்கிக்கொண்டாய்.

“உப்பு போட்டா மீனே தண்ணி விட்டு சுருங்கிப் போவுது. எம் புள்ளையக் கருவாடாக்கப் பாக்கறியா?”

நீ சொன்னதில் தப்பே இல்லை. வெளியே உப்பு மிஞ்சினால் சதையின் அணுக்களிலிருந்து தண்ணீர் வெளியே வந்துவிடும். ஆனால் கொஞ்சம் உப்பும் சர்க்கரையும் சேர்ந்து போனால், குடலில் உள்ள அணுக்கள் இரண்டையும் ஒரே வாசல் வழியாக உள்ளே வாங்கிக்கொள்ளும், பின்னாலேயே தண்ணீரும் போகும். இதை உனக்கு எப்படிச் சொல்வது? “சர்க்கரைதான் உப்பக் கையப் புடிச்சு உள்ள இட்டுக்கினு போவும். அதுங்க பின்னால தண்ணியும் போவும்” என்றேன். நீ எழுந்துபோய், கொதித்து ஆறிய தண்ணீரைச் சொம்பில் கொண்டுவந்தாய்.

ஒரு கை சர்க்கரை போட்டேன், மூன்று விரலால் அள்ளி உப்பு போட்டேன். அதற்குள் பிள்ளை மறுபடி வாந்தி எடுத்தது. துடைத்துவிட்டு வந்தவள், போட்டதை மறந்து இன்னொரு தரம் உப்பைப் போட்டுவிட்டேன். ஸ்பூனை அவள் வாயருகே கொண்டுபோகும்போது நீ அதைப் பிடுங்கி உன் நாக்கில் விட்டுப் பார்த்தாய்.

“இன்னா நர்சம்மா, மீனுக்குப் போடற உப்பாட்டம் கீது?”

“டாக்டர் சொன்ன அளவுதான். உனக்கு இன்னா தெரியும்?” என்று கத்தினேன்.

நீ சொம்பை எடுத்துப்போய் வாசல் மணலில் கவிழ்த்தாய். “திரும்பக் கல. நான் பாத்துக்கினே கீறேன்.”

மறுபடி உப்பில் விரலை வைத்தபோதுதான், முன்பு இரண்டு தரம் போட்டது எனக்கு உறைத்தது. முதலில் கலந்ததைக் கொடுத்திருந்தால் அவள் உடம்பில் மிச்சமிருந்த நீரையும் அது இழுத்திருக்கும். பகல் முழுக்க ஸ்பூன் ஸ்பூனாக ஊட்டினோம். சாயங்காலம் சிறுநீர் போய் உன் மடியை நனைத்தாள். அந்த ஈரப் புடவையைப் பார்த்து இரண்டு பேரும் பைத்தியம் மாதிரி சிரித்தோம்.

மறுநாள் படகில் டாக்டர் வந்தார். “அளவு தப்பியிருந்தா கொழந்த போயிருக்கும். கரெக்டா கலந்திருக்கீங்க, சிஸ்டர்” என்றார். நீ முந்திக்கொண்டாய். “ஆமா சார், நர்சம்மாவுக்கு ராசியான கை.”

என்ன நெஞ்சுடி உனக்கு! உன்னிடம் ஒரு நன்றிகூட நான் சொல்லவில்லை. வெட்கம்.

போன மாதம் உன் காரியத்துக்கு வந்தேன். உன் மகள் என்னைக் கும்பிட்டு, என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். “நீ இல்லன்னா நான் இல்லம்மா. அம்மா கடைசி வரிக்கும் அதத்தான் சொல்லிக்கினு இருந்துச்சு.” இனியும் பொறுக்க முடியாமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உப்பை இரண்டு தரம் போட்டது நான், நாக்கில் வைத்துப் பார்த்துக் கொட்டியது நீ, அவளைக் காப்பாற்றியது நீ.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். “சும்மா சொல்லாதம்மா. எங்கம்மா பொய்யே பேசாது.”

உனக்குச் சேர வேண்டிய கும்பிடை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். அதை எங்கே இறக்கி வைப்பது என்று இன்னும் தெரியவில்லை.