வியாழக்கிழமை எண்ணெய்ச் சட்டி

அன்பு மகன் தீலெக்குக்கு அம்மா சோனுன் எழுதிக்கொள்வது. நானும் உன் தங்கை பெகாயிமும் பதினோரு ஆடும் சுகம், நீயும் சுகமாத்தான் இருப்பே, நாலு நிமிஷம் மூச்சு விடாம போன்ல பிரசங்கம் பண்றவனுக்கு நெஞ்சுல சளி இருக்காது. பதில் பேசினா பாதியில வெட்டி அதுக்கும் விளக்கம் சொல்லுவே, அதான் கடிதம். கொரியாவுக்குத் திரும்பிப் போற பக்கத்து வீட்டு மராத்கிட்ட கம்பளிக் காலுறையோட கொடுத்தனுப்புறேன்.

இரும்புப் பட்டறை வேலைக்குப் போனவன் மார்க்கம் படிச்ச ஆலிம் ஆயிட்டே, சந்தோஷம். இங்கே பெருநாள் தொழுகைக்கு உன்னை எழுப்ப உங்கப்பா வாளித் தண்ணியோட நிக்கணும். அவர் சொல்லி ஏறாத மார்க்கம் உன் அறையில தங்குற இந்தோனேசியாக்காரன் ஃபத்லான் சொல்லி ஏறியிருக்கு. வியாழக்கிழமை மாவு உருண்டை பொரிச்சு எண்ணெய் வாசம் காட்டி செத்தவங்களுக்கு ஓதுறது எந்தக் கிதாபுலயும் இல்லையாம், அப்பாவோட வருஷ ஓதலுக்குக் குதிரை அறுக்கிறது பாவமாம், அதனால நீ வரப்போறதில்லையாம். இத்தனை வருஷமா நான் எந்த மதத்துல இருந்தேன்னு உன் சிநேகிதனையே கேட்டு எழுது, தெரிஞ்சுக்கிறேன். ஓதக்கூடாதுன்னு சர்க்கார் சொன்ன காலத்துலயும் ஜன்னலை மூடிக்கிட்டு பொரிச்சவங்க நாங்க, வாசத்தை மட்டும் மூட முடியலை, வேவு பார்க்கிற கட்சிக்காரரே வாசம் பிடிச்சு வந்து நாலு உருண்டை தின்னுட்டு ஒண்ணும் பார்க்காத மாதிரி போவார். உன் தீர்ப்பை பள்ளிவாசல் மோதினார் ரிஸ்குல்கிட்டயும் சொன்னேன், அவர் வாயில அப்போ ரெண்டு உருண்டை, முழுங்கிட்டு யோசிச்சுச் சொல்றேன்னு ஜாடை காட்டினார், இன்னும் முழுங்கலை போல.

சரி, சிஷ்யனை விட்டுட்டு குருவையே கேட்டுடலாம்னு போன ஞாயித்துக்கிழமை உன் நம்பருக்குப் போட்டேன். நீ போனை அறையில வெச்சுட்டு வேலைக்குப் போயிருந்தே, ஃபத்லான் எடுத்தான். கொரிய மொழிப் பரீட்சைக்குப் படிக்கிற உன் தங்கை நடுவுல உக்காந்து ரெண்டு பக்கமும் மாத்திச் சொன்னா. நாலு கேள்வி கேட்டு மானத்தை வாங்கணும்னு இருந்தேன். உங்க ஊர்ல செத்தவங்களுக்கு என்ன பண்ணுவீங்கன்னு கேட்டா, எங்கம்மா அரிசிமாவுல ஆப்பம் சுட்டு அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டு ஓதுவாங்கங்கிறான். அப்போ என் பையனுக்கு இதெல்லாம் கூடாதுன்னு யாருப்பா சொன்னதுன்னேன். நான் சொல்லலை அம்மா, அது அவனா போன்ல தேடிப் பிடிச்சது, அவன் என்கிட்ட முதல்ல கேட்டது ஒரே கேள்விதான், அப்பா அடக்கத்துக்குப் போகாத பிள்ளையை அல்லாஹ் மன்னிப்பானான்னு கேட்டான், எங்க பேச்சே அதுல தொடங்கினதுதான்னான். நீ என்னப்பா சொன்னேன்னு கேட்டேன். அல்லாஹ் பெரிய மன்னிப்பாளன், ஆனா நீ உங்கம்மாவையும் கேளுன்னு சொன்னானாம். பெகாயிம் இதை எனக்குச் சொல்லாம அழுதுக்கிட்டே இருந்தா, மூணு தரம் அதட்டித்தான் வாங்கினேன்.

வருஷம் ஆகப்போகுது, இன்னும் நீ கேட்கலை. கிதாபைக் காட்டி ஊருக்கு வராம இருக்க வழி தேடுறே. முட்டாள் பயலே, அப்பா அடக்கத்துக்கு வர முதலாளி லீவு தரலைன்னு எனக்குத் தெரியாதா. அன்னிக்குக் குழியில உன் பங்கு மண்ணை உன் சித்தப்பாதான் போட்டார், இது தீலெக் போடுறதுன்னு உன் பேரைச் சொல்லித்தான் போட்டாராம். அதை உனக்குச் சொல்லாம விட்டது என் தப்பு, பெத்தவளுக்கும் கொஞ்சம் வீம்பு இருக்கும்.

தொழு, நோன்பு பிடி, எனக்கு அதுல கோபமில்லை, பெருமைதான், உங்கப்பா இருந்தா வாளியைத் தூக்கிப் போட்டிருப்பார். குதிரை பாவம்னா விட்டுடலாம், ஒரு ஆடு போதும். ஓதல் செப்டம்பர் பத்தாம் தேதி. மோதினாருக்கு வாய் காலியா இருக்காது, அன்னிக்கு நீயே ஓது. அல்லாஹ் உன் கையையும் காலையும் அந்த மிஷின்கள்கிட்டேருந்து காப்பாத்தட்டும், உன் சம்பாத்தியத்துல பரக்கத்து கொடுக்கட்டும். காலுறை ரெண்டு ஜோடி, பெரிசு ஃபத்லானுக்கு, மறக்காம கொடு.

நீ கேட்காத கேள்விக்கும் பதில் எழுதிடுறேன். அல்லாஹ்கிட்ட நீ கேட்டுக்கோ, நான் அன்னிக்கே மன்னிச்சுட்டேன்.

உன் வரவைப் பார்த்திருக்கும்
அம்மா சோனுன்