பலகையின் மேல் உப்பு மூட்டை

மரக்காணம்,
வெள்ளிக்கிழமை, பகல் மூன்று மணி.

அன்பு மகள் நிவேதாவுக்கு அம்மா எழுதுவது. நான் நலம். குவைத்தில் நீ வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்க அங்காளம்மனை வேண்டிக்கொள்கிறேன். அப்பா நலமா என்று கேட்பாய், அதை எழுதத்தான் உட்கார்ந்தேன். டியூட்டியில் போனை லாக்கரில் வைத்துவிடுவாய் என்பதால் இதை எழுதி, பக்கத்து வீட்டு அம்சவள்ளியிடம் கொடுத்து, போட்டோ எடுத்து உனக்கு அனுப்பச் சொல்லப்போகிறேன். என் குரலைக் கேட்டால் நீ பயந்துவிடுவாய்.

எல்லாம் பலகையில் சூடு வைத்துப் படம் பதிக்க நீ வாங்கிக் கொடுத்த ஹீட் பிரஸ்ஸில் ஆரம்பித்தது. குயிலாப்பாளையம் கெஸ்ட் ஹவுஸுக்கு அறுபது கோஸ்டரும் டேபிள் மேட்டும் நாளைக்குக் கொடுக்க வேண்டும், படம் அழகாகத்தான் விழுகிறது, ஆனால் ஆறினதும் ஹார்டுபோர்டு அப்பளம் மாதிரி வளைந்துவிடுகிறது, டம்ளர் வைத்தால் ஆடுகிறது. நீ சொன்னபடியே வெறும் பலகையை முதலில் இரண்டு பக்கமும் சூடு காட்டி ஈரத்தை எடுத்தேன், படம் போட்டதும் சூட்டோடு சமமான இடத்தில் கவிழ்த்துப் பாரம் வைத்தேன். அந்தப் பாரத்தைக் கொண்டுவந்தது உன் அப்பா, உப்புப் பாத்தியிலிருந்து ஒரு மூட்டை. இந்த மாதிரி சமமா உக்கார்ற வெயிட்டு உனக்கு எங்க கெடைக்கும் என்று பெருமை வேறு. இன்று காலை தூக்கிப் பார்த்தால் மூட்டையின் அடி சொதசொதவென்று இருக்கிறது, கீழே இருபது பலகையும் வளைந்து கிடக்கிறது. எனக்கு வந்ததே ஒரு கோபம், உங்க உப்பாலதான் இந்த வீட்ல எல்லாமே நாசமாப் போவுது என்று கத்திவிட்டேன். உப்பைச் சொன்னால் அவருக்கு எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். சாப்பிடக்கூட இல்லை, மூட்டையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு பாத்திக்குப் போய்விட்டார்.

அவர் போனதும் கடப்பாக்கல்லைப் பாரமாக வைத்துப் புதிதாகப் பத்து போட்டேன், அதுவும் வளைந்தது. சந்தேகம் வந்து பிரிக்காத கட்டைப் பிரித்தேன், பிரஸ்ஸையே பார்க்காத பலகை, அதுவும் மூலை தூக்கி நிற்கிறது. அப்போதுதான் வெளியே வந்து பார்த்தேன் நிவேதா. காற்று அடியோடு நின்றுவிட்டது, காலையில் போட்ட துணி காயவில்லை, மேற்கே வானம் கருகருவென்று இறங்கி வருகிறது. காற்றில் ஈரம் ஏறி மழை வருவது பலகைக்குத் தெரிந்திருக்கிறது, மூட்டைக்கும் தெரிந்திருக்கிறது, பாவி எனக்குத்தான் தெரியவில்லை. இந்நேரம் உப்புக் குவியலை மூட ஓடிக்கொண்டிருப்பார், ஆள் உயரத்துக்கு வேறொன்றும் இல்லாத வெட்டவெளி. போன வருஷம் இடி விழுந்து விருத்தாம்பாள் மகன் போனானே, அதற்கு அடுத்த பாத்திதான் நம்முடையது. நாலு தடவை போன் போட்டேன், மணி அடிக்கிறது, எடுக்கவில்லை. கோபத்தில்தான் எடுக்கவில்லை என்று நினைத்துக்கொள்கிறேன். என் முட்டி வலியோடு அவ்வளவு தூரம் நடக்க முடியாது, திருமுருகன் சித்தப்பா அப்பாவைத் தேடி வண்டியில் போய் ஒரு மணி நேரம் ஆகிறது, அவரும் திரும்பவில்லை. இதோ கரண்டும் போய்விட்டது, பிரஸ்ஸில் வைத்த மேட்டை அப்படியே விட்டுவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள், ஏ.சி.க்கு நேராகத் தலை வைத்துப் படுக்காதே. அம்மன் துணையோடு நூறு வருஷம் நன்றாக இரு. இதைப் பார்த்ததும் முதலில் அப்பாவுக்குப் போன் போடு, நீ கூப்பிட்டு அவர் எடுக்காமல் இருந்ததே இல்லை. எடுத்தால், உப்பு மேல தப்பில்லையாம்ப்பா, அம்மாவே சொல்லிட்டாங்க என்று மட்டும் சொல், வந்துவிடுவார். எடுக்காவிட்டால் எனக்குப் போடாதே, சித்தப்பாவுக்குப் போடு.

இப்படிக்கு,
வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் உன் அம்மா
தையல்நாயகி