பத்துக் கிலோவும் ஒரு தலையணையும்

பிப்ரவரி 2

அன்பு மகளுக்கு, அதாவது கேப்டன் அவர்களுக்கு,

நலம். அம்மாவும் நலம், நான் டூட்டிக்குப் போகும் நாட்களில் இன்னும் நலம் என்கிறாள். ஐந்து தீவுகளையும் உன் படகிலேயே சுற்றிக் காட்டுவதாக எழுதியிருந்தாயே, அதை அம்மா இரண்டு தடவை வாசித்தாள். நான் ஒரே தடவைதான். சத்தமாக, ஜன்னலோரம் நின்று, மேல்வீட்டுப் பல் டாக்டருக்குக் கேட்கிற மாதிரி.

படகில் ஆளுக்குப் பத்துக் கிலோ சாமான்தான் என்றால் எப்படி? அம்மாவின் மருந்துப் பையே இரண்டு கிலோ. என் பையை மளிகைக் கடையில் எடை போட்டேன். சட்டைகள், ஷூ, குடை, தொப்பி, என் தலையணை எல்லாம் சேர்த்துச் சரியாகப் பத்து. ஒருமுறை போட்டால் போதும்தான். நான் நாலு முறை போனேன். ஒவ்வொரு முறையும் புதிதாக யாராவது, "எங்க சார் கிளம்பிட்டீங்க?" என்று கேட்பார்கள் அல்லவா? "பொண்ணு கப்பல் ஓட்டுறா. வா வான்னு ஒரே தொல்லை" என்று சலித்துக்கொள்வேன். அந்தச் சலிப்புக்குக் கண்ணாடி முன்னால் ஒத்திகை வேறு. கடைசியில் கடைக்காரரே, "சார், பை இங்கயே இருக்கட்டும். வர்றவங்ககிட்ட நானே சொல்லிடறேன்" என்றுவிட்டார்.

உன் அப்பா
(பஸ் டிரைவர், தரையில் மட்டும்)

பிப்ரவரி 11

அன்புள்ள அப்பாவுக்கு,

அது கப்பல் இல்லை, முப்பது பேர் உட்காரும் படகு. கடையில் திருத்திச் சொல்லிவிடுங்கள். ஷூ வேண்டாம், மூன்றாவது தீவில் முழங்கால் தண்ணீரில்தான் இறங்க வேண்டும். குடையைக் காற்று பிடுங்கிக்கொள்ளும். தலையணை எதற்கு? படகில் பகலில்தான் போவோம், ராத்திரி தங்கும் இடங்களில் தலையணை உண்டு. எடுத்து வெளியே வையுங்கள்.

இன்னொன்று. போனில் சொன்னால் சண்டையாகிவிடும், அதனால் எழுதுகிறேன். அடுத்தவர் ஓட்டும் வண்டியில் உங்கள் வலது கால் சும்மா இருக்காது. எனக்குக் கார் பழக்கியபோது பக்கத்தில் உட்கார்ந்து இல்லாத பிரேக்கை நீங்கள் மிதித்த மிதியில், நடுரோட்டில் சாவியைக் கொடுத்துவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்தேன். பெரியப்பா இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்.

நான் தனியாகப் படகை நடத்துவது இப்போதுதான். என்கீழ் வேலை செய்யும் இருவரும் என்னைவிட மூத்தவர்கள். அவர்கள் வாயில் "பாப்பா" போய் "கேப்டன்" வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. அவர்கள் எதிரில் என் அப்பாவே காலை அழுத்தி, "மெதுவா, மெதுவா" என்றால் திரும்பவும் பாப்பாதான். அம்மா மட்டும் வரட்டும் என்று எழுத மனசு வரவில்லை. உங்களால் சும்மா உட்கார முடியுமா? யோசித்து எழுதுங்கள்.

உங்கள் மகள்

பிப்ரவரி 19

அன்பு மகளுக்கு,

உன் கடிதத்தைப் படித்து அம்மாவுக்குச் சிரிப்பில் புரை ஏறிவிட்டது. அவள் தலையைத் தட்டியது நான்தான். நீ எழுதியதில் பொய் இல்லை. பல் டாக்டர் நாற்காலியைச் சாய்த்தபோதே பிரேக் போட்டவன் நான். அந்த மனிதர் ஊர் பூராவும் சொல்லி வைத்திருக்கிறார்.

ஷூவும் குடையும் வெளியே போய்விட்டன. கடையில் திருத்த வழியில்லை. கப்பல் தெருமுனையைத் தாண்டிவிட்டது.

தலையணையை மட்டும் எடுக்க மாட்டேன். மலைப்பாதையில் இறங்கும்போது நான் மேல் கண்ணாடியில் ஒரு பார்வை பார்ப்பேன். பின்னால் வரிசையாகத் தலைகள் சாய்ந்து கிடக்கும். வாயைப் பிளந்துகொண்டு, பக்கத்து ஆள் தோளில் ஜொள்ளு விட்டுக்கொண்டு. அன்றைக்குச் சம்பளமே வேண்டாம் போலிருக்கும். நன்றாக ஓட்டினீர்கள் என்று வாயால் சொல்கிறவர் மரியாதைக்குச் சொல்லலாம். தூங்குகிறவருக்கு மரியாதை ஏது?

அடுத்தவர் ஓட்டி நான் இதுவரை கண்ணை மூடியதில்லை. அம்மாவைக் கேட்டுப்பார். உன் ஆட்கள் இருவரும் பார்க்கும்படி முதல் வரிசையில் உட்கார்ந்து தூங்கப் போகிறேன். நடிப்போ என்று சந்தேகம் வந்தால் குறட்டையைக் கேட்டுக்கொள்ளட்டும்.

அம்மா பையில் துணி கூடிவிட்டது. அதற்கு இடம் கொடுக்க என் சட்டையில் இரண்டை எடுத்துவிட்டேன்.

உன் பயணி

பிப்ரவரி 27

அப்பா,

சட்டைகளைத் திரும்ப உள்ளே வையுங்கள். தலையணை எடையில் சேராது.

முதல் வரிசை இடது ஓரத்தில் வெயில் விழாது. அந்த இடம் உங்களுக்கு.

நேற்று சுக்கானுக்கு மேலே ஒரு கண்ணாடி மாட்டச் சொன்னேன். "படகுக்கு எதுக்கு கேப்டன் கண்ணாடி?" என்று இருவரும் கேட்டார்கள். அப்பா வருகிறார் என்றேன்.

கேப்டன்