பின்கதவில் ஏறிய பதினோராவது ஆள்

அன்புள்ள சின்னவளுக்கு அப்பா சொல்லச் சொல்ல அக்கா எழுதுவது. இங்கே அம்மாவும் அக்காவும் நானும் சுகம், அம்மாவின் முழங்கால் மட்டும் மழைக்கு முன்னால் ஒரு சேதி சொல்லும், மற்றபடி குறை ஒன்றும் இல்லை. நீயும் அங்கே அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன், இல்லையென்றால் மறைக்காமல் சொல். முதுகலையில் முதல் தரத்தில் தேறிவிட்டாய் என்று அக்கா படித்துச் சொன்ன நாளிலிருந்து எனக்குக் கால் தரையில் பாவவில்லை, ஊரே இப்படி நடந்தால் செருப்பு எப்படித் தேயும், செருப்புத் தைக்கிறவர் பிழைப்பு என்னாவது என்று அம்மா கேலி செய்கிறாள். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். நீதானே போன மாதம், நீங்க வாயால சொன்னதெல்லாம் என் ஆய்வேட்டுல எழுத்தாயிடுச்சுப்பா, ஆனா எனக்குன்னு நீங்க எழுதினது ஒரு வரிகூட இல்லை என்று குறைப்பட்டாய். போனிடமே பேசினால் அதுவே எழுதும் என்று அக்கா காட்டினாள், பேசினேன், அதுவும் கடகடவென்று எழுதியது, ஆனால் நான் சொன்னதைத்தான் எழுதியதா என்று எனக்கு எப்படித் தெரியும்? அக்கா என்றால் திரும்பப் படித்துக் காட்டுவாள், எதையாவது விட்டுவிட்டால் முகத்தில் தெரிந்துவிடும். போனுக்கு ஏது முகம். அதனால் சமையலறை மேஜையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறோம்.

பஸ் விஷயம் ஜெயித்துவிட்டது என்று அக்கா போனில் கத்தியது மட்டும்தான் உனக்குத் தெரியும், அன்றைக்குப் பார்த்து உனக்கும் பேராசிரியர்கள் முன்னால் வாய்மொழித் தேர்வு. முழுசாகச் சொல்கிறேன், உனக்குத் தெரிந்ததையும் சேர்த்துத்தான் சொல்வேன், முதல் தையலிலிருந்து வராவிட்டால் எனக்குக் கடைசித் தையல் வராது. அந்த நோட்டீஸை நிறுத்தத்துக் கம்பத்தில் ஒட்டி எட்டு நாள் ஆகியிருந்தது, எட்டு நாளும் அதன் மேலேதான் நான் செருப்புத் தைக்க உட்காரும் குடையின் கயிற்றைக் கட்டியிருக்கிறேன், எவனோ விளம்பரம் ஒட்டியிருக்கிறான் என்று நினைப்பு. ஒன்பதாம் நாள் அக்கா ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துக்குக் கிளம்பி வந்தவள் கயிற்றை விலக்கிப் படித்தாள். காலை ஐந்தே முக்கால் வண்டியை நிறுத்தப் போகிறார்கள், ஏனென்றால் மூன்று மாதமாக இந்த நிறுத்தத்தில் ஒருவர்கூட ஏறவில்லை. அக்கா அதைப் படிக்கும்போது அவளுக்குப் பின்னால் ஒன்பது பேர் மூட்டையோடு நிற்கிறார்கள்! அடுத்த வண்டி ஏழு மணிக்கு, வேலை தொடங்குவது ஆறரைக்கு, மூன்று நாள் தாமதமானால் நான்காம் நாள் வீட்டிலேயே இருந்துகொள் என்பதுதான் அங்கே சட்டம். பத்துப் பேர் சோறு அந்த ஒரு வண்டியில் ஓடிக்கொண்டிருந்தது.

அன்றைக்கு உனக்குப் போன் போட்டால் நீ ஆறுதல் சொல்லாமல் கேள்வி கேட்டாய், எந்தக் கதவுல ஏறுவாங்கப்பா, அட்டையை எங்கே காட்டுவாங்க என்று. எங்கே காட்டுவது? கிழிந்த போர்வைகளைத் தைத்து எடுத்துப் போகிற மூட்டை, முன்கதவில் அட்டையை எண்ணுகிற மெஷினுக்கும் கம்பிக்கும் நடுவில் நுழையாது. டிரைவர் தங்கமான மனுஷன், மாசப் பாஸ்தான் இருக்குல்ல, பின்னாடி ஏறுங்கம்மா என்று ஐந்து வருஷமாகப் பின்கதவைத் திறந்துவிடுகிறார். அந்த நல்ல மனசுதான் பத்துப் பேரையும் இல்லாத ஆட்களாக ஆக்கிவிட்டது. பூஜ்யம்னா ஆள் இல்லைன்னு மட்டும் அர்த்தம் இல்லைப்பா, யாரும் எண்ணலைன்னும் அர்த்தம் இருக்கலாம் என்று நீ சொன்னாய். சரி, இருபத்தொரு நாள் எண்ணிச் சொல்லுங்க என்றாய். எனக்கு வந்ததே கோபம். பத்தொன்பது வருஷமாக அதே கம்பத்தடியில் உட்கார்ந்திருக்கிறவன், யார் எந்தச் செருப்பை எந்த வருஷம் தைக்கக் கொடுத்தார்கள் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன், என் வார்த்தை போதாதா உனக்கு? எனக்குப் போதும், அவங்களுக்குப் போதாது என்றாய். போனை வைத்துவிட்டு இரண்டு நாள் எடுக்கவில்லை, அதற்கு இப்போது வெட்கப்படுகிறேன், இதை எழுது என்று நான் இரண்டு தரம் சொன்ன பிறகுதான் அக்கா எழுதினாள்.

மூன்றாம் நாள் இரண்டு காலி பாலிஷ் டப்பாவை எடுத்து வைத்தேன். முன்கதவில் ஏறினால் கறுப்பு டப்பாவில் ஒரு ஆணி, பின்கதவில் ஏறினால் பழுப்பு டப்பாவில் ஒரு ஆணி. வண்டி போனதும் எண்ணிப் பார்த்து உனக்குக் குரலில் அனுப்புவேன். இதில் நீ இன்னொரு குண்டைப் போட்டாய், எண்ணப் போறோம்னு அவங்ககிட்ட சொல்லிட்டீங்களாப்பா, சம்மதிச்சாங்களா என்று. தெருவில் நிற்கிறவர்களை எண்ணுவதற்குச் சம்மதமா என்று சிரித்தேன், இருந்தாலும் கேட்டேன். ஒன்பது பேர் சரி என்றார்கள், பேக்கரிச் சந்தில் குடியிருக்கிறவள், என்னைப் பத்தி நல்லா சொல்லுண்ணே, அழகா இருப்பேன்னு சொல்லு என்றுகூடச் சொன்னாள். ஒருத்தி மட்டும் முகம் வெளுத்துப்போய், தலையை எண்ணிக்கோங்கண்ணே, ஆனா நான் யாருன்னு எங்கேயும் சொல்லிடாதீங்க, என்னைத் தேடற ஆள் ஒருத்தன் இருக்கான் என்றாள். அன்றைக்குத்தான் உன் படிப்பு என்ன படிப்பு என்று எனக்குப் புரிந்தது சின்னவளே.

இருபத்தொரு நாள் முடிந்ததும் அக்கா மனுக் கொடுத்தாள், பஸ் அலுவலகத்தின் மூன்றாம் மாடியில் விசாரணை வைத்தார்கள், சக்கரம் வைத்த நாற்காலிகள், நான் உட்கார்ந்ததும் அது என்னை ஜன்னல் பக்கம் கூட்டிப்போய்விட்டது. நடுவில் மேலதிகாரி அம்மா, பக்கத்தில் நேரக் கண்காணிப்பாளர். சுவரில் அவர்கள் கணக்கை வெளிச்சம் போட்டுக் காட்டினார்கள், எனக்கு எழுத்து தெரியாவிட்டாலும் வட்டம் தெரியும், பெல்ட்டில் ஓட்டை போட்ட மாதிரி இருபத்தொரு வட்டம், நாங்கள் எண்ணிய நாள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பூஜ்யம். அக்கா நீ அனுப்பிய பட்டியலைப் படித்தாள், குரல் நடுங்கவே இல்லை. பின்கதவில் நாளுக்குப் பத்து, சில நாள் ஒன்பது, சலவைக்கூடத்தில் பெயர் இல்லாமல் கொடுத்த வருகை எண்ணிக்கையும் நாளுக்கு நாள் அதேதான். ஒரே ஒரு நாளைத் தவிர. இரண்டாவது வாரப் புதன்கிழமை என் டப்பா பதினொன்று, சலவைக்கூடம் பத்து. அந்த வரியை எடுத்துவிடு, ஒரு ஆளைக் குறைச்சுப் போட்டா யாருக்குடி தெரியப் போகுது என்று அக்கா உன்னிடம் மன்றாடியதும், தெரியாததைத் தெரியலைன்னுதான்க்கா போடணும் என்று நீ மறுத்ததும் எனக்குத் தெரியும். கண்காணிப்பாளர் நேராக அந்த வரியில்தான் கையை வைத்தார். ஒருநாள் ஒரு ஆளைக் கூட்டினவரு மத்த நாள்ல எத்தனை பேரைக் கூட்டினாரோ, பதினோரு பேரும் யாருன்னு சொல்லச் சொல்லுங்க பார்ப்போம் என்றார். ஒன்பது பேரைச் செருப்போடு சொன்னேன், யாருக்கு வார் அறுந்தது, யாருக்கு வலது கால் மட்டும் தேயும், எல்லாம். பத்தாவது ஒரு தலை, அதுக்கு மேல கேட்காதீங்க, வாக்குக் கொடுத்திருக்கேன் என்றேன். ஓ, பேர் இல்லாத ஆளா, அப்போ பதினோராவது ஆளுக்குத் தலையும் இருக்காதே என்று சிரித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்து கால்மேல் கால் போட்டார்.

அங்கேதான் பார்த்தேன். குனிந்து ஆணி அடிக்கிறவனுக்கு முகம் எங்கே தெரியும், கால்தான் தெரியும். ஐயா, அந்த இடது ஷூவோட அடியைக் கொஞ்சம் எல்லாருக்கும் காட்டறீங்களா என்றேன். மேலதிகாரி அம்மா, பெரியவரே இது செருப்புக் கடை இல்லை என்றார். தெரியும்மா, அதனாலதான் நான் கோணி விரிக்கலை என்றேன், அந்த அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. குதிகால் வெளிப்பக்கம் தேய்ஞ்சிருக்கும், நாலு சின்ன ஆணி, நடுவுல ரெண்டு கோடும் ஒரு புள்ளியும் கீறியிருக்கும், அது என் குறி, அந்தப் புதன்கிழமை தூறல்ல அவசரமா அடிச்சது என்றேன். அவர் ஷூவைத் திருப்பிப் பார்த்தார், நான் சொன்னது எல்லாம் அங்கே இருந்தது. பிறகு மறைக்காமல் ஒத்துக்கொண்டார், அந்த மட்டில் நல்ல மனுஷன். வண்டி நேரத்துக்கு வருகிறதா என்று பார்க்க வந்தாராம், கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாராம், குதிகால் பெயர்ந்ததும் என்னிடம் கொடுத்தாராம், நான் ஆணி அடித்து முடிக்கவும் வண்டி கிளம்பவும் சரியாக இருந்ததால் ஓடிப்போய்க் கைக்குக் கிடைத்த கதவில் ஏறினாராம். எந்தக் கதவு என்று கேட்டார் மேலதிகாரி அம்மா. பின்கதவு. அட்டையைக் காட்டினீங்களா? எப்படிங்கம்மா காட்டறது, பின்னாடிதான் மெஷினே இல்லையே என்றார். அந்த அம்மா சுவரைத் திரும்பிப் பார்த்தார், புதன்கிழமைக்கு நேராகவும் ஒரு வட்டம், அவர்கள் ஆளையே அவர்கள் மெஷின் முழுங்கிவிட்டு ஒன்றும் தெரியாத மாதிரி உட்கார்ந்திருந்தது! அக்கா மேஜைக்கடியில் என் கையைப் பிடித்து நசுக்கிய நசுக்கில் இரண்டு நாள் ஊசி பிடிக்க முடியவில்லை. நீ அந்த வரியை எடுத்திருந்தால் நாங்கள் தோற்றிருப்போமடி. உன் முதல் தரத்துக்கு யார் என்ன காரணம் சொன்னாலும் சொல்லட்டும், எனக்கு அந்த ஒரு வரிதான் காரணம்.

அந்த ஐந்தே முக்கால் வண்டி இன்னும் ஓடுகிறது. நோட்டீஸை அவர்களே வந்து கிழித்துப் போனார்கள், கம்பம் மறுபடி என் கயிற்றுக்கு. பொண்ணு மெஷின் கணக்கு நோண்டறதுக்கா கடல் தாண்டிப் போய் ரெண்டு வருஷம் படிக்கிறா என்று கேட்ட பேக்கரிக்காரர், இப்போது தன் மாவு மெஷின் கணக்குத் தப்பாகக் காட்டுகிறது, சின்னவகிட்ட கேட்டுச் சொல்லுங்க என்கிறார். அதற்கெல்லாம் மெக்கானிக்கைக் கூப்பிடு, அவள் பார்க்கிறது மனுஷங்க கணக்கு என்று சொல்லிவிட்டேன். போன திங்கட்கிழமை பின்கதவிலும் மெஷின் வைத்தார்கள், ஒவ்வொருத்தியும் அட்டையைக் காட்டக் காட்ட அது கீச் கீச்சென்று கத்துகிறது, டிரைவர் ஒவ்வொரு கீச்சுக்கும் தலையை ஆட்டுகிறார். நான் டப்பாவை விடவில்லை. மெஷின் ஒன்பது என்கிறது, என் டப்பா பத்து என்கிறது. அந்த ஒருத்தி அட்டையைக் காட்டவில்லை, மாசப் பாஸுக்குக் கட்டிவிடுகிறாள், ஆனால் கீச்சென்று கத்தினால் என் பேரு எங்கே போகும், யார் பார்ப்பாங்கண்ணே என்று என்னைக் கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை, என் பொண்ணுக்குத் தெரியும், கேட்டுச் சொல்றேன் என்றேன். அவ்வளவு பெருமையாக நான் இதுவரை எதையும் தெரியாது என்று சொன்னதில்லை. நீ பதில் அனுப்புகிறவரை அவளுக்கு ஒரு ஆணி நான் போடுகிறேன்.

குளிர் வருவதற்கு முன்னால் உன் பூட்ஸின் அடியைத் தட்டிப் பார், டொக்கென்று சத்தம் வந்தால் விட்டுவிடு, பொத்தென்று வந்தால் தண்ணீர் இறங்கிவிட்டது, மாற்று. பட்டியலைப் பார்த்துக்கொண்டே சாப்பிடாதே, வயிறும் ஒரு கணக்கு வைத்திருக்கும். நீ எடுத்த காரியமெல்லாம் இதைப்போலவே நிமிர்ந்து நிற்கட்டும், எந்த ஊருக்குப் போனாலும் உன் கால் வழுக்காமல் இருக்கட்டும் என்று நானும் அம்மாவும் வாழ்த்துகிறோம். மறக்காமல் செய்ய வேண்டியது ஒன்று. முதல் மூன்று நாள், நீ சம்மதம் கேட்கச் சொல்வதற்கு முன்னால், நான் அனுப்பிய குரலில் அந்த ஒருத்தியின் செருப்பு நிறத்தையும் அவள் இறங்கும் இடத்தையும் சொல்லியிருக்கிறேன். அதை அழித்துவிடு. அழித்ததும் அழித்தேன் என்று ஒரு வார்த்தை சொல், அவளிடம் போய்ச் சொல்ல வேண்டும்.

அக்கா முழுவதையும் திரும்பப் படித்துக் காட்டினாள், தன்னைப் பாராட்டிய ஒரு வரியை விட்டுவிட்டாள், முகத்தில் தெரிந்தது, சேர்க்க வைத்தேன்.

இப்படிக்கு
உன் கூட்டாளி, உன் அப்பா
(குறி நானே போட்டது)

| | .