மூலையில் நிற்கும் காட்டுச் செடி

என்னங்க,

நைட் ஷிப்ட் முடிந்து வந்ததும் அப்படியே படுத்துவிடாதீர்கள். சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன், சூடு பண்ணிக்கொள்ளுங்கள். பின்கதவுச் சாவி ஃப்ரிட்ஜ் மேல் இருக்கிறது.

தோட்டத்தில் சிமெண்ட் போட மேஸ்திரி வருவார். போடட்டும். நேற்று நான் கத்தியது அதற்காக இல்லை. நம் பாப்பா காட்டிலிருந்து விதை பொறுக்கிவந்து போட்ட செடியைக் காட்டி, "அந்தக் களையையும் பிடுங்கிட்டா வேலை முடிஞ்சுது" என்று சொன்னீர்களே, அதற்காகத்தான்.

போன வெயிலில் அது காய்ந்ததைப் பார்த்துச் செத்துவிட்டது என்று நினைத்துவிட்டீர்கள். ஆஸ்பத்திரியில் கடைசியாக அவள் என்னிடம் சொன்னாள்: "மேலதான்மா காயும், வேர் அப்படியே இருக்கும். பூக்க ரெண்டு மூணு வருஷம் ஆகும். அதுவரைக்கும் அப்பா கையில மாட்டாம பாத்துக்கோ." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

அவள் போனதிலிருந்து நீங்கள் தோட்டத்தில் கால்கூட வைப்பதில்லை. சிமெண்ட் போட ஏன் இப்படிப் பறக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாதா?

அந்தச் செடி நிற்கும் மூலையை மட்டும் விட்டுவிடச் சொல்லுங்கள். சுற்றிச் செங்கல் வைத்திருக்கிறேன். தண்ணீர் நிறைய ஊற்ற வேண்டாம், அழுகிவிடும்.

சொல்ல விட்டுவிட்டேன்: இன்று காலையில் பூத்திருக்கிறது. ஒரே ஒரு மஞ்சள் பூ. உங்களைக் கூப்பிடப் போனை எடுத்தேன், பிறகு வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

மேஸ்திரி வருவதற்குள் தனியாகப் போய்ப் பாருங்கள். என் முன்னால் நீங்கள் அழ மாட்டீர்கள். நான் சாயங்காலம்தான் வருவேன்.