கூப்பிடாதீங்க என்று சொன்னவள்

ஜூன் 10, 2024

தறிக்காரர் வீட்டுப் பெண்களைக் கம்பெனி வேலைக்குத் தயார்ப்படுத்தும் பிள்ளையார்பாளையம் பயிற்சி மையத்தில் நான் டீச்சராகி இது நாலாவது வருடம். இந்த முறை முப்பத்திரண்டு பேரில் இருபத்தொன்பது பேருக்கு வேலை கிடைத்துவிட்டது. சங்கரிக்கு ஒரகடத்தில் ஒரு ஒயர் கம்பெனி. எனக்குக் கொஞ்சம் மண்டைக்கனம் வந்திருக்கிறது. வரட்டுமே!

ஜூலை 2

சங்கரியின் கை மெஷினில் மாட்டிக்கொண்டது. வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது.

ஜூலை 3

எங்கள் மையத்தின் மேலாளர் குமரகுரு கம்பெனிக்குப் போய் விசாரித்துவிட்டு வந்தார். "ஒயர் சிக்கிக்கிச்சாம். மெஷினை நிறுத்திட்டு சூப்பர்வைசரைக் கூப்பிட்டிருக்கணும். இந்தப் பொண்ணு யாருக்கும் சொல்லாம தானே எடுக்கப் போயிருக்குது."

யாருக்கும் சொல்லாமல் — ஐயோ.

பிப்ரவரியில் வகுப்பில் நின்று நான்தானே சொன்னேன்? "தறியில இழை அறுந்தா அப்பாவைக் கூப்பிட்டுக்கினா நிக்கிறீங்க? நீங்களே முடிச்சுப் போடுறீங்க இல்ல? கம்பெனியிலயும் அப்படியே இருங்க. சும்மா சும்மா கூப்பிடாதீங்க." எல்லோரும் சிரித்தார்கள். சங்கரி மட்டும் எழுதிக்கொண்டாள்.

ஜூலை 9

வகுப்பில் யார் கை தூக்கினாலும் விரல்களை எண்ணுகிறேன். என்ன பிழைப்பு இது?

ஜூலை 14

சொல்லிவிடத்தான் அவள் வீட்டுக்குப் போனேன். சங்கரி கட்டுப்போட்ட கையைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அம்மா காமாட்சியம்மாள் காபி கொடுத்துவிட்டு அழுதார். "எம்மேலதான் தப்பு டீச்சர். சின்ன வயசுலேர்ந்து தறியில உக்கார வச்சு, யாரையும் கூப்பிடாம தானே செய்யப் பழக்கினது நாந்தான்."

சொல்ல வந்ததைச் சொல்லாமலே காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

ஜூலை 15

கோழை.

ஆகஸ்ட் 5

புது வகுப்பு. முதல் பெஞ்சில் சங்கரியின் தங்கை கீர்த்தி. "உங்களை நம்பித்தான் அனுப்புறேன்மா" என்று காமாட்சியம்மாளே கொண்டுவந்து விட்டுப் போனார்.

ஆகஸ்ட் 6

பாடத்துக்கு முன்னால் சொல்லிவிட்டேன். "திட்டு வாங்கினாலும் பரவாயில்ல, மெஷினை நிறுத்துங்க, கூப்பிடுங்க. சங்கரிக்குக் கூப்பிடாதேன்னு சொல்லிக்கொடுத்தது நான்தான்."

வகுப்பு முடிந்ததும் கீர்த்தி பக்கத்தில் வந்தாள். "நீங்க அப்படிச் சொல்லிக்கொடுத்ததை அக்கா ஆஸ்பத்திரியிலயே எங்கிட்ட சொல்லிச்சு டீச்சர். அம்மாவுக்குத் தெரிஞ்சா என்னை இங்க அனுப்ப மாட்டாங்க, வாயைத் திறக்காதன்னுச்சு. நீங்களும் சொல்லிடாதீங்க."

அதற்காக அந்தத் தாய் தன்னையே நொந்துகொண்டு கிடக்க வேண்டுமா? சாயங்காலமே போய்ச் சொன்னேன்.

காமாட்சியம்மாள் கத்தவில்லை. "இத்தினி நாளா நான் அழுதுக்கினு இருந்தேன். நீங்க பார்த்துக்கினுதானே இருந்தீங்க?" என்று மட்டும் கேட்டார்.

ஆகஸ்ட் 7

கீர்த்தி வரவில்லை.